ஜன்னல் கோடு

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டின் அடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே ஏறின. ஒரு கணு வந்ததும் நின்றன. என்றோ உதிர்ந்துபோன இலை அங்கே ஒரு தழும்பை விட்டுப் போயிருந்தது. அதைத் தடவிவிட்டு அடுத்த கணுவுக்குப் போயின. நடுவில் கிளை குறுக்கிட்டால் இன்னொரு கை வந்து இலைகளை ஒதுக்கிப் பிடித்தது. ஒடித்தால் பால் வடியும். அதனால் அந்தக் கை எதையும் அழுத்தவில்லை. உச்சியைத் தொட்டதும் இரண்டு கைகளும் செடியை விட்டுவிட்டு, பக்கத்துத் தொட்டியை அணைத்து முன்னால் இழுத்து, மறுபடியும் அடியிலிருந்து ஆரம்பித்தன.

தொட்டிகள் எல்லாம் புதுக் காவி பூசிக்கொண்டு வரிசையாக நின்றன. தொட்ட விரலெல்லாம் சிவப்பு. அந்த விரல் பட்ட இலையெல்லாம் சிவப்பு.

"இன்னாக்கா, இன்னிக்கும் தேடிக்கினு கீறியா?" என்று டெம்போவின் பின்கதவில் உட்கார்ந்திருந்தவன் கேட்டான்.

"ஆமாண்டா வெள்ளை. நீ பூசின காவிக்குள்ள ஒரு செடி பூந்துக்கினுது. வெளிய வர மாட்டேங்குது."

"கிண்டல் பண்ணாதக்கா."

கைக்குச் சொந்தக்காரி லூர்துமேரி. ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பெண். தினம் காலையில் அங்கிருந்து பஸ் ஏறி ஆதம்பாக்கத்துக்கு வருகிறாள். ஷாஹுல் ஹமீது பாயின் செடித் தோட்டத்தில் வேலை. தோட்டம் என்றால் விற்கிற தோட்டம் இல்லை, வாடகைக்கு விடுகிற தோட்டம். தி. நகர்க் கல்யாண மண்டபங்கள், ஆபீஸ்கள், துணிக்கடைகள் என்று செடிகள் போகும். சில வாரம் இருந்துவிட்டுக் களைத்துத் திரும்பும். முற்றத்தில் தேறியபின் மறுபடி போகும். அவற்றை ஏற்றி இறக்குவது டெம்போ ஓட்டும் வெள்ளைச்சாமி. தேற்றி எடுப்பது லூர்துமேரி.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. செடி போகிற இடத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கமாகத் தொட்டியில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அதற்கு ஜன்னல் கோடு என்று பெயர். செடி தன் இலைகளையெல்லாம் அந்தப் பக்கம் பார்த்துத்தான் விரித்து வைத்திருக்கும். திரும்பக் கொண்டு வைக்கும்போது தொட்டியைத் தெரியாமல் திருப்பிவிட்டால் அது குழம்பிப்போய், உழைத்து விரித்த இலைகளில் பாதியைக் கொட்டிவிடும். ஆகவே தொட்டி எங்கே போனாலும் கோடு ஜன்னலைப் பார்க்க வேண்டும். கோட்டுக்குக் கீழே சாக்பீஸால் இடத்தின் பெயர். வேறு அடையாளம் எதுவும் கிடையாது. தேவையும் இருந்ததில்லை, இந்த ஆயுத பூஜை வரும்வரை.

பூஜைக்கு முந்தைய வாரம் லூர்துமேரியின் கணவன் மிக்கேல் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். அவள் அவனோடு இருந்துவிட்டாள். அவள் வராத நாளெல்லாம் அவள் வேலையையும் சேர்த்து வெள்ளைச்சாமி பார்த்தான். ஒரு செடிகூட வாடவில்லை. அதோடு விட்டிருக்கலாம். போன வருஷம் அவன் பெண்டாட்டி பிரசவத்துக்குப் போயிருந்தபோது லூர்துமேரி தன் வீட்டுச் சாப்பாட்டில் பாதியைக் கட்டிக்கொண்டு வந்து அவனுக்குக் கொடுத்தது அவன் மனசில் கிடந்தது. அக்கா திரும்பி வந்து பார்க்கும்போது தோட்டமே ஜொலிக்க வேண்டும் என்று நினைத்தான். வண்டியை மட்டும் கழுவிப் பொட்டு வைப்பானேன்? தொட்டிகளும் தொழிலுக்கான ஆயுதம்தானே? தேங்காய் நாரை வைத்து ஒவ்வொரு தொட்டியையும் தேய்தேய் என்று தேய்த்துப் பாசியையும் உப்பையும் போக்கினான். காவி கரைத்து இரண்டு கை பூசினான். தரையைக் கழுவுவதற்காகத் தொட்டிகளை எடுத்தவன், திரும்ப வைக்கும்போது உயரம் பார்த்து வரிசை கட்டி வைத்தான். பாயும் வந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், மண்டபம் மாதிரி இருக்குடா" என்று சொல்லிப் பொரிகடலைப் பையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

லூர்துமேரி திரும்பி வந்தது பூஜைக்கு மறுநாள்.

"எப்பிடிக்கா? கண்ண மூடிக்கினு வா. ம்... இப்ப தொற!"

திறந்தாள். சிவப்பு வரிசை. அதன்மேல் வெயில். ஒரு கோடு இல்லை, ஒரு பெயர் இல்லை.

"சூப்பரா கீதுடா நைனா" என்றாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு வேறெதுவும் சொல்ல வாய் வரவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மயிலாப்பூர் மாமியோட நந்தியாவட்டைய எங்க வச்ச?"

வெள்ளைச்சாமி வரிசையின் அந்தக் கோடிவரை பார்த்தான், இந்தக் கோடிவரை பார்த்தான். கையிலிருந்த பொரி அப்படியே நின்றது.

*

தோட்டத்தில் வாடகைச் செடிகளோடு வேறொரு ஜாதியும் உண்டு. மயிலாப்பூர், அடையாறு பக்கம் பிள்ளை பெண்களைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா போகிறவர்கள் தங்கள் செடிகளைப் பாயிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஹாஸ்டல் செடி என்று வெள்ளைச்சாமி அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தான். விசாலாக்ஷி மாமியின் நந்தியாவட்டை அப்படி வந்ததுதான். ஆனால் அது வெறும் ஹாஸ்டல் செடி இல்லை.

மீன்பாடு குறைந்துபோன ஒரு வருஷம், மீன் விற்கிற கூடையை வைத்துவிட்டு லூர்துமேரி மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மாடிப்படி பெருக்க வந்தாள். மூன்றாவது மாடியில் விசாலாக்ஷி மாமியும் சுப்பராமன் மாமாவும் இருந்தார்கள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மாமி கதவைத் திறந்து அவள் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். "நாங்க பொண்ணாத்துக்குப் போறோம். செடிக்கெல்லாம் ஜலம் விட்டுண்டு இரு." அவ்வளவுதான் சொன்னது. குப்பத்திலிருந்து வந்தவள் என்று தெரிந்தே, யாரிடமும் விசாரிக்காமல் கொடுத்த சாவி அது. லூர்துமேரி அன்று பஸ்ஸில் அதை முந்தானையில் முடிந்து, முடிச்சைக் கையால் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

அக்கறையால் வந்த வினை, தினமும் குடம் குடமாக ஊற்றினாள். பாதிச் செடி அழுகியது. மீதியும் இலை கொட்டியது. மாமி திரும்பி வந்து பார்த்தாள். லூர்துமேரி அழுதேவிட்டாள். மாமி காய்ந்த குச்சிகளைப் பொறுக்கிப் போட்டாள். "நீ ஜலம் விடலைன்னு யாரும் சொல்ல முடியாது" என்று சிரித்தாள். அடுத்த தடவை போகும்போது அதே சாவியை மறுபடியும் கொடுத்தாள்.

அந்த இரண்டாவது சாவிதான் தன்னை ஆளாக்கியது என்று லூர்துமேரி இன்றைக்கும் சொல்வாள். ஊற்றுவதற்கு முன்னால் மண்ணைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். இலையின் மேல்பக்கம் மட்டுமில்லை, கீழ்ப்பக்கமும் பார்த்தாள். எது எங்கே வைத்தால் என்ன செய்கிறது என்று பார்த்தாள். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. தப்பாகச் செய்தால் செடி சொல்லும். சரியாகச் செய்தாலும் அதுதான் சொல்லும். மாமி சொல்லித்தான் பாயிடம் வேலையும் கிடைத்தது; அதன்பிறகும் தோட்டம் முடிந்து வந்து மாமி வீட்டைத் துடைத்துக் கொடுத்தாள்.

அந்தக் கட்டடத்தின் வாசலோரம் ஒரு பெரிய நந்தியாவட்டை இருந்தது. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அதை வெட்டினார்கள். வெட்டிய அன்று லூர்துமேரி அதன் குச்சிகளைச் சேலையில் வாரிக்கொண்டு வந்துவிட்டாள். ஒன்றை மாமியின் பால்கனியில் நட்டாள். ஒன்றைத் தன் வீட்டு வாசலில். மீதி எல்லாம் பாயின் தோட்டத்தில். எல்லாம் ஒரே தாயின் உடம்பு, ஒரே நாளில் வெட்டியது, ஒரே வயசு.

ஆனால் வளர்ந்ததைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். மாமியின் பால்கனியில் இருந்தது கையகல இலையோடு, கரும்பச்சையாக, நெடுநெடுவென்று போனது. குப்பத்தில் கடலைப் பார்த்து நின்றது முழங்கால் தாண்டாமல் குத்துச்செடியாக நின்றுவிட்டது. இலை சின்னதாக, வார்ச்செருப்பு மாதிரி தடித்து, உப்புக் காற்றுக்குப் புறங்காட்டிச் சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள், "இது வேற ஜாதி, உன்ன ஏமாத்திப்புட்டாங்க" என்று பந்தயம் கட்டினார்கள். மிக்கேல் சொல்வான்: "பாரு, செடிக்குக்கூட காத்தடிச்சா முதுகு காட்டத் தெரியுது. நாந்தான் தெனம் நெஞ்ச காட்டிக்கினு கடலுக்குப் போறேன்." மண்டப வரவேற்பறையில் ஏ.சி. காற்றில் நின்றவை இலையைக் காகிதம் மாதிரி மெலிதாக்கி அகல விரித்தன, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் ஒரு துளியும் சிந்தாதபடி. அவையே முற்றத்து வெயிலுக்கு வந்தால் அந்த இலைகள் கருகும். கருகிய இலையை உதறிவிட்டு, சின்னதாகத் தடிப்பாக வேறு இலை போடும். எங்கே கொண்டு வைத்தாலும் முதலில் ஒரு முனகல், அப்புறம் அந்த இடத்துக்குத் தோதான உடம்பு. லூர்துமேரிக்கு இது அலுக்கவே இல்லை.

பால்கனிச் செடி மெல்ல மெல்ல மாமாவின் செடியாகிவிட்டது. சுப்பராமன் மாமாவுக்குக் கண் நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிற அளவுக்கு நின்றது. காபி டம்ளரைக் கையில் வைக்க வேண்டும், செருப்பைக் காலடியில் தள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் கொடுக்க வேண்டியிருப்பது அவருக்குப் பெரிய வேதனை. ஆனால் விடிந்ததும் பூக்குடலையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்ப் பூஜைக்குப் பூப்பறிப்பதை மட்டும் யாரையும் கூப்பிடாமல் செய்துகொண்டார். எந்தக் கிளை எங்கே பிரியும், எது நுனி வளைந்து கம்பிக்கு வெளியே போகும் என்று விரலுக்குத் தெரியும். கடைசியில் இரண்டு பூவை மூடிய கண்ணின்மேல் வைத்துக்கொண்டு உட்காருவார். குணமாகும் என்று அவர் நினைக்கவில்லை. குளுகுளுவென்று இருக்கும் என்பார்.

இந்த ஏப்ரலில் அவர்கள் அமெரிக்கா புறப்படும்போது கட்டடத்துக்கு வெளிப்பூச்சு வேலை ஆரம்பித்திருந்தது. பால்கனியைக் காலி செய்யச் சொன்னார்கள். செடியைத் தோட்டத்துக்கு இறக்கும்போது பழைய தொட்டி விரிசல் விட்டதால் லூர்துமேரியே அதைத் தோட்டத்துத் தொட்டிக்கு மாற்றினாள். மாமி சொன்னாள்: "லூர்து, அவர் தனியாப் பண்ற காரியம் இது ஒண்ணுதான். இந்தச் செடி திரும்பி வரணும், தெரிஞ்சுதா? வேற புதுசு வேண்டாம். அவர் கைக்கு மறுபடியும் முதல்லேருந்து பழக முடியாது."

அந்தச் செடிதான் இப்போது தன் உடன்பிறப்புகளுக்கு நடுவில், ஒரே மாதிரித் தொட்டியில், காவி பூசிக்கொண்டு நின்றது. புரட்டாசியில் கல்யாணம் குறைவு என்பதால் மண்டபத்துச் செடிகளும் திரும்பி வந்து வரிசையில் சேர்ந்திருந்தன. மாமியும் மாமாவும் அடுத்த வாரக் கடைசியில் வருகிறார்கள். அதற்குள் கண்டுபிடித்தால் போதும் என்றும் இல்லை. முற்றத்து வெயிலில் பழகியதை நேரே பால்கனிக்குக் கொண்டுபோனால் மொட்டெல்லாம் கொட்டிவிடும். சில நாளாவது பச்சை வலைக்குக் கீழே நிழலில் வைத்துப் பழக்க வேண்டும். அதற்கு இப்போதே தெரிந்தாக வேண்டும்.

*

"எல்லாம் ஒரே செடிதானே மேரிம்மா?" என்றார் பாய், விஷயம் அவர் காதுக்குப் போனதும். "நல்லதா பார்த்து ஒண்ணு எடுத்துக் குடு. என் பேரைச் சொல்லு, என்னைத் திட்டட்டும்."

"திட்ட மாட்டாங்க பாய். அதான் கஷ்டமா கீது."

பாய் யோசித்துவிட்டு, "அப்ப தேடு. இன்னிக்கு லோடு எதுவும் வேண்டாம், வெள்ளைய வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் லூர்துமேரி இலையைப் பார்த்துத் தேடினாள். பால்கனியில் இருந்த இலை கண்ணுக்குள்ளேயே நின்றது. கையகலம், கரும்பச்சை. வரிசையில் அப்படி ஒன்றுதான் இருந்தது. சந்தோஷத்தில் அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, தானே வலைக்குக் கீழே கொண்டு வைத்தாள். வெள்ளைச்சாமி அங்கேயே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி முருகா என்றான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். மிக்கேல் காய்ச்சல் விட்டு வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் நந்தியாவட்டை. ஆடி மாதத்தில் அவன் அதைக் காற்று மறைவாக இருக்கட்டும் என்று படகின் பின்னால் தள்ளி வைத்திருந்தான். நுனியில் வந்திருந்த புதுத் துளிர்கள் அகலமாக, மெலிதாக இருந்தன. கீழே பழைய இலைகள் அதே செருப்புத் தோல்.

லூர்துமேரி அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மே? பேயப் பாத்த மாதிரி கீற?"

"எல சொல்றது இப்ப எங்க கீதுன்னுதான்யா. முன்னாடி எங்க இருந்துச்சுன்னு அது சொல்லாது."

"யாரு?"

"செடிதான்."

மிக்கேல் கஞ்சியை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான். "காச்சல் எனக்கா உனக்கா?"

மாமியின் செடி ஆறு மாதமாக முற்றத்து வெயிலில் நிற்கிறது. பால்கனியில் போட்ட அகல இலைகளை அது என்றைக்கோ உதறியிருக்கும். அவள் தூக்கி வைத்த அகல இலைக்காரன், இப்போதுதான் ஏதோ ஒரு மண்டபத்திலிருந்து திரும்பி வந்தவன். அவனை மாமாவின் கையில் கொடுத்திருந்தால்! அவள் தன் வீட்டுச் செடியை நன்றியோடு தடவிக் கொடுத்தாள். தடவும்போதுதான் விரலில் கணுக்கள் தட்டுப்பட்டன. காற்றுக்கு நின்ற காலத்துக் கணுக்கள் நெருக்கமாக, விரல் வைக்க இடமில்லாமல். படகு மறைவுக்கு வந்த பிறகு வளர்ந்த நுனியில் கணுவுக்குக் கணு தூரம் கூடியிருந்தது. இலையை உதிர்க்கலாம். வளர்ந்த தண்டை உதிர்க்க முடியாது. அது எங்கெங்கே இருந்ததோ அதெல்லாம் அதன் உடம்பிலேயே கிடக்கிறது.

அதனால்தான் மறுநாள் காலையில் அவள் கைகள் தண்டைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தன.

*

அடியிலிருந்து உச்சிவரை ஒரே நெருக்கமான கணுவாக, நாலாபக்கமும் கிளைத்திருந்தவை முற்றத்தைவிட்டு அதிகம் போகாத பிள்ளைகள். அவற்றைத் தள்ளி வைத்தாள். பெசன்ட் நகரில் கடற்கரைச் சாப்பாட்டுக்கடைக்குப் போய்வந்தவை ஒரு பக்கமாகச் சாய்ந்து குட்டையாக இருந்தன. அவையும் வேண்டாம். பாதிக்குமேல் கழிந்தது. மிஞ்சியவை வெளிச்சத்தை ஒரே பக்கத்திலிருந்து மட்டும் வாங்கி வளர்ந்தவை. ஒரு பக்கம் கிளை, மறுபக்கம் மொட்டை. சுவரோரம் நின்றிருக்கின்றன. அப்படி மூன்று.

மூன்றையும் வரிசையை விட்டு வெளியே வைத்து, முன்னால் குந்தினாள். வெள்ளைச்சாமியும் வந்து குந்தினான்.

"மாமி வூட்டு பால்கனி எப்பிடி இருக்கும்னு ஞாபகம் கீதா?"

"வாசல் வரைக்கும்தான்க்கா தூக்கிக்கினு போவேன். செருப்பக் கழட்டறதுக்குள்ள மாமி காபி குடுத்துரும்."

லூர்துமேரி கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை வருஷம் துடைத்த பால்கனி அது. துடைப்பத் துணியைப் பிழிந்து காயப்போட வளையும்போது கட்டைச் சுவர் இடுப்பெலும்பில் இடிக்கும். கெட்டியான சுவர், அதற்குமேல்தான் கம்பி. தரையில் வைத்த செடிக்குச் சுவர் உயரம் வரைக்கும் இருட்டு. சுவரைத் தாண்டித் தலையை நீட்டிய பிறகுதான் வெளிச்சம்.

கண்ணைத் திறந்து முதல் செடியைத் தடவினாள். அடி முதல் நுனிவரை கணு இடைவெளி மாறவேயில்லை. முழுக் கண்ணாடிச் சுவர் வைத்த ஏதோ ஆபீஸ். இரண்டாவது செடியில் நீளக் கணுக்கள் கொஞ்ச தூரம் போய், சட்டென்று நெருங்கின. அவள் எழுந்து அதன் பக்கத்தில் நின்று பார்த்தாள். நெருங்கிய இடம் முழங்காலுக்கு வந்தது. தாழ்ந்த திட்டு வைத்த ஏதோ ஜன்னலோரம். மூன்றாவது செடியின் தண்டில் கை ஏறியது. நீளம், நீளம், நீளம். வெளிச்சத்தைத் தேடி எட்டி எட்டிப் போயிருக்கிறது. இன்னும் நீளம். பிறகு தண்டு இரண்டாகப் பிரிகிற ஒரு கவட்டை. அதற்குமேல் கணுக்கள் குறுகி, கிளைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பாய்ந்திருந்தன. அதற்கும்மேல் நாலாபக்கமும் பூத்து அடர்ந்த கொண்டை, ஆறு மாத முற்றத்து வெயில்.

எழுந்து நின்றாள். கணு குறுகிய இடம் அவள் இடுப்பெலும்புக்கு நேராக வந்தது.

"யேசுவே" என்றாள்.

"இதானாக்கா?"

"இதான்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறேனா?" வெள்ளைச்சாமியின் முகம் மறுபடி வாடியது.

"மாமா கை வச்சு சொல்லணும்டா. அது வரைக்கும் நெனப்புதான்."

செடி பச்சை வலைக்குக் கீழே போனது. சில நாளில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. வெள்ளைச்சாமி ஓடி வந்தான். "அக்கா, சாவுதுக்கா! கண்டுபுடிச்சும் சாவுதே!"

"சாவலடா. அது வெயிலுக்குன்னு போட்ட எல. நெழல்ல அதுக்கு வேல இல்ல, கணக்கு முடிச்சி அனுப்புது. நீ மழைக்கோட்ட கழட்டிப் போட மாட்டியா, அப்பிடி."

அவன் அன்றிலிருந்து காலையும் மாலையும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனான். உதிர்ந்த இடத்தில் புதுத் துளிர் முளைவிட்டது. மொட்டுகள் கொட்டாமல் நின்றன.

*

அடையாறு பாலத்தில் வண்டி போகும்போது லூர்துமேரி டெம்போவின் பின்னால் செடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் உட்காரச் சொன்னான் வெள்ளைச்சாமி. மாட்டேன் என்றுவிட்டாள். கட்டடம் புது வெள்ளையில் மினுக்கியது. மூன்றாம் மாடி வீட்டுக் கூடத்தில் பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன.

"வா லூர்து, வா வா. ஆத்துல மிக்கேலுக்கு உடம்பு தேவலையா? ஃபோன்ல சொன்னியே, அன்னிலேருந்து கவலையா இருந்தது. வெள்ளைச்சாமி, நீயும் உள்ள வாப்பா, காபி கலந்துண்டு இருக்கேன்."

மாமா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். குளிர் தேசத்தில் இருந்து வந்த கைகள் தோல் வெடித்து வெள்ளை பூத்திருந்தன. ஒரு கையில் பூக்குடலை. அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

லூர்துமேரி தொட்டியைப் பால்கனி மூலையில் இறக்கி, கிளை பாய்ந்த பக்கம் வெளியே பார்க்கத் திருப்பினாள். இடுப்பில் செருகியிருந்த சின்னப் பொட்டலத்திலிருந்து சுண்ணாம்பை விரலால் தொட்டுத் தொட்டியில் ஒரு கோடு இழுத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மாமா, தொடறதுக்கு முன்னாடி ஒரு விசயம் சொல்லிடறேன். தோட்டத்துல தொட்டிங்க ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு. பேரு, கோடு எல்லாம் அழிஞ்சிபோச்சு. நானா தேடித்தான் இத எடுத்தாந்தேன். இல்லன்னு கை சொன்னா சொல்லிடுங்க. திரும்பப் போயி தேடுறேன்."

"நாந்தான் மாமா அழிச்சேன்" என்றான் வெள்ளைச்சாமி வாசல் பக்கமிருந்து. "அக்கா சொல்லாது. காவி பூசினேன்."

மாமி காபி டபராவோடு அப்படியே நின்றாள். மாமா பூக்குடலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். கட்டைச் சுவரைத் தடவிக்கொண்டே வந்து, செடியின் உச்சியில் கை வைத்தார். ஓர் இலையை இரண்டு விரலுக்கிடையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இலை இப்படி இருக்காதே" என்றார். "சின்னதா இருக்கு. தடிச்சிருக்கு."

"வெயில்ல வளந்த எல மாமா. ஆறு மாசமா வெட்டவெளில நின்னுக்கினு இருந்துச்சு. இங்க வந்தா மறுபடியும் பழைய மாதிரி போடும்."

"ஓ."

கை இலைகளை விட்டுவிட்டுக் கீழே இறங்கியது. அடர்ந்த கொண்டைக்குள் ஒருகணம் வழி தெரியாமல் தடுமாறியது. விரல்கள் ஒரு கிளையைப் பிடித்து, அது பிறந்த இடத்தைத் தேடிப் போய், கட்டைச் சுவருக்குக் கொஞ்சம் மேலே அந்தக் கவட்டையில் வந்து நின்றன. அங்கே கட்டைவிரல் முன்னும் பின்னும் போனது.

"விசாலம்" என்றார் மாமா.

"என்ன?"

அவர் இன்னொரு கையிலிருந்த பூக்குடலையைத் தூக்கி, தேடாமல் தடவாமல், அதன் கைப்பிடியைக் கவட்டையில் மாட்டினார். அது ஒரு தடவை ஆடிவிட்டு நின்றது. தினமும் காலையில் பிரம்புக் கைப்பிடி மாட்டி மாட்டி அந்த இடத்தில் பட்டை வழவழவென்று தேய்ந்திருந்தது. லூர்துமேரி வேலைக்கு வருவதற்குள் பூப்பறிப்பு முடிந்துவிடும். அவள் அதைப் பார்த்ததேயில்லை.

"எங்கேயெல்லாம் தேடினே, பாவம்" என்றார் மாமா, செடியைப் பார்த்தா அவளைப் பார்த்தா என்று தெரியாமல். "ரொம்ப சந்தோஷம்மா. ரொம்ப ரொம்ப சந்தோஷம்."

"நீங்க குடுத்த சாவிதான் மாமா" என்று சொல்ல வந்தாள் லூர்துமேரி. தலையை மட்டும் ஆட்டினாள். அது அவருக்குத் தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. அதனால் அவர் வெடித்த கையை எடுத்துத் தொட்டியின் விளிம்பில், ஈரம் காயாத கோட்டின்மேல் வைத்தாள்.

"இந்தப் பக்கம் ஜன்னல், மாமா" என்று சொல்லிவிட்டு, தன் கையைத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.